அதிபர் போட்ட புள்ளடி

விஞ்ஞானகூடத்து நீள மேசையில் வாக்குச் சீட்டுகள் இரண்டு குவியலாகக் கிடந்தன. வெளியே நல்ல மழை. அறை முழுக்க ஈரச் சப்பாத்து மணம். மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற பரீதா டீச்சர் திரும்பவும் ஒரு தடவை எண்ணி முடித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“செலின் டீச்சர், ஒரு சீட்டு கூட ஈக்கி.”

“கூடன்னா?” என்றேன்.

“ஓட்டுப் போட்ட புள்ளைகளை விட, பொட்டிக்குள்ள ஒரு சீட்டு கூட ஈக்கி. அல்லாஹ்வே, இது எப்படி வந்திச்சி?”

கூடுதலாக இருந்தது வெறும் ஒரு துண்டுக் கடதாசி. ஆனால் அன்று மாணவர் தேர்தலில் நிரோஷினி வென்றிருந்ததே ஒரு வாக்கால்தான்.

போன கிழமை இந்தப் பத்தியில் நான் எழுதியதைப் படித்துவிட்டு என் தங்கை கம்பளையிலிருந்து தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள். “ஏன்க்கா, எப்பப் பாரு புலம்பலாவே எழுதுற? அத்தனை வருசம் பள்ளிக்கூடத்துல நல்லதா ஒண்ணுமே நடக்கலையா?” என்றாள். நடந்தது தாயே, நடந்தது. இந்தக் கிழமை முழுக்க நல்லதுதான். பொறுமையாகப் படி.

கட்டாயப் பாடம்

கண்டியில் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டி, மேட்டில் ஏறினால் எங்கள் பாடசாலை. ஆசிரியர் அறை ஜன்னலைத் திறந்தால் கீழே மகாவலி ஆறு தெரியும். தேயிலைத் தோட்டங்களிலிருந்து இறங்கி வந்து டவுனில் வேலை தேடிக்கொண்டவர்களின் பிள்ளைகளும், பரம்பரையாக அங்கேயே இருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைகளும் பாதிக்குப் பாதி. நான் அங்கே விஞ்ஞானம் படிப்பித்தேன். பரீதா டீச்சர் குடியுரிமைக் கல்வி.

ஆறாம் தரத்திலிருந்து ஒன்பதாம் தரம் வரை குடியுரிமைக் கல்வி எல்லாருக்கும் கட்டாயம். அரசாங்கம் கட்டாயம் என்று சொன்ன பாடங்களிலேயே அதிகம் இளக்காரமாகப் பார்க்கப்பட்டது அதுதான். கணித ஆசிரியர் கடன் கேட்பது அந்தப் பாடவேளையைத்தான். மேடைக்குத் தோரணம் கட்டப் பிள்ளைகளைக் கூப்பிடுவதும் அந்தப் பாடவேளையில்தான். “வாக்குரிமை, மனித உரிமை எல்லாம் வாசிச்சாலே விளங்குந்தானே டீச்சர்” என்று ஒருவர் பரீதாவின் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

“வாசிச்சா விளங்கும் சேர். செஞ்சாத்தான் படியும்” என்றார் பரீதா. அதற்குப் பிறகு அவர் ஒரு பாடவேளையையும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

மாணவர் பாராளுமன்றம் நடத்தியே ஆகவேண்டும் என்று அமைச்சிலிருந்து வந்த சுற்றுநிருபம் இருந்தது. தேர்தல், சபை அமர்வு, அறிக்கை, அறிக்கையோடு புகைப்படங்கள். எங்கள் பாடசாலையில் அதுவரை அது எப்படி நடந்தது என்றால், மாணவத் தலைவனைப் பிரதமர் ஆக்கி, நாலு பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்தி, படம் பிடித்து வலயக் கல்விப் பணிமனைக்கு அனுப்பிவிடுவோம். அங்கேயும் சந்தோஷம், இங்கேயும் சந்தோஷம்.

அந்த வருடம் பரீதா ஒற்றைக் காலில் நின்றார். நடந்தால் உண்மையாக நடக்க வேண்டும், இல்லாவிட்டால் நடக்கவில்லை என்றே அறிக்கை எழுதுவேன் என்றார்.

பெட்டியைத் திறந்து காட்டும் ஆட்கள்

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் நாட்டில் எந்தத் தேர்தல் வந்தாலும் வாக்குச் சாவடியில் உட்காருவது பெரும்பாலும் ஆசிரியர்கள்தான். பெட்டியும் மெழுகும் நூலும் முத்திரையுமாக மலை ஏறிப்போய், ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் வாங்குப் பலகைகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்து, விடிந்ததும் சாவடியைத் திறப்போம். எங்களில் அந்த வேலை செய்யாதவர் இல்லை.

பரீதா ஒருமுறை பெரிய மனிதர் ஒருவரைத் திருப்பி அனுப்பியவர். அடையாள அட்டை இல்லாமல் வந்து, “என்னைத் தெரியாதா?” என்று கேட்டாராம். “நல்லாத் தெரியும் சேர். அட்டையை எடுத்துட்டு வாங்க” என்றாராம் இவர். அந்த மனிதரும் போய் எடுத்து வந்தாராம்.

அப்படிப்பட்டவர்கள் பாடசாலைத் தேர்தலை நடத்தினால் எப்படி இருக்கும்? வாக்குப் பெட்டி ஒரு பிஸ்கட் பெட்டிதான். ஆனால் காலையில் வேட்பாளர்களின் முகவர்கள் முன்னால் அதைக் கவிழ்த்துத் தட்டி, வெறும் பெட்டி என்று காட்டி, மெழுகு உருக்கி முத்திரை வைத்தோம். மறைப்புக்குள் நூலில் கட்டிய பென்சில். சின்ன விரலுக்கு ஊதா மை. ஆறாம் தரத்துப் பிள்ளைகள் பிடித்தவரின் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி மாதிரிப் புள்ளடி போட அழுதார்கள். கொப்பியில் புள்ளடி என்றால் பிழை அல்லவா? அதைப் பழக்கவே பரீதாவுக்கு ஒரு முழுக் கிழமை போனது.

வகுப்புப் பிரதிநிதிகளை முன்னரே தெரிவு செய்தாயிற்று. அன்றைய வாக்கு பிரதமருக்கு. போட்டியில் அந்தப் பிரதிநிதிகளில் இரண்டு பேர்.

ஒருவன் இர்பான், பதினோராம் தரம். வாப்பாவுக்கு டவுனில் சப்பாத்துக் கடை. நல்ல பிள்ளை, சிரித்த முகம். விளையாட்டுப் பாடவேளையைக் கூட்டித் தருவேன் என்று வாக்குக் கேட்டான். சின்னப் பையன்கள் அவன் பின்னால் ஊர்வலமே போனார்கள்.

மற்றவள் நிரோஷினி, பத்தாம் தரம். அப்பா கம்பளைப் பக்கத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து ஒரு மரக்கறிக் கடையில் மூட்டை தூக்குகிறவர். வாயாடி. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. மதிலில் ஒட்டிய கடதாசியில் பெரிதாக எழுதியிருந்தாள்: “கீழே மகாவலி ஓடுது. மேலே எங்க டொய்லட்டுல தண்ணி இல்ல.”

தண்ணீர்ப் போத்தல் இல்லாத பைகள்

உண்மைதான். பெண்பிள்ளைகளின் மலசலகூடத்துக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டர் பழுதாகி இரண்டு வருடம். அதிபரைக் கேட்டால், “வலயத்துக்கு எழுதியிருக்கிறம்” என்பார். வலயத்தைக் கேட்டால் வருகிறது என்பார்கள்.

எங்கள் பெண்பிள்ளைகள் யாரும் பாடசாலைக்குத் தண்ணீர்ப் போத்தல் கொண்டுவருவதில்லை. குடித்தால் போகவேண்டி வரும், போனால் அந்த நாற்றத்துக்குள் நிற்க வேண்டும். காலையில் வீட்டிலேயே தேத்தண்ணி குடிக்காமல் வருவார்கள். மாதத்தில் உடம்புக்கு முடியாத நாட்களில் வீட்டோடு நின்றுவிடுவார்கள். சிறுநீரகம் என்ன வேலை செய்கிறது என்று கரும்பலகையில் படம் வரைந்து படிப்பிக்கும்போது, முன் வாங்கில் உதடு காய்ந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்க்காமல் பலகைப் பக்கமே திரும்பி நிற்பேன்.

அதனால்தான் அந்த ஒரு வாக்கு நிரோஷினிக்கு அவ்வளவு பெரிது. பிரதமர் என்றால் அதிபரோடு மேசையில் உட்கார்ந்து பேசலாம் என்று சுற்றுநிருபத்தில் இருக்கிறது. அதை அவள் பரீதாவிடம் கேட்டு வாசித்துவிட்டுத்தான் போட்டிக்கே வந்தாள்.

“உங்க ஆளுங்க”

இனி மேசைக்கு வருவோம். ஒரு சீட்டுக் கூட என்றதும் முகவர்களாக நின்ற பிள்ளைகள் சண்டையைத் தொடங்கிவிட்டார்கள்.

“யாரோ ரெண்டு தரம் போட்டிருக்காங்க டீச்சர்” என்றது நிரோஷினி பக்கம்.

“யாரு போட்ட? உங்க ஆளுங்கதான் போட்டீப்பாங்க.”

“எங்க ஆளுங்களா? உங்க ஆளுங்கதான் கூட்டமா வந்தாங்க!”

உங்க ஆளுங்க. அந்தச் சொல் விழுந்ததும் நானும் பரீதாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கலவரம் பார்த்த கண்டிக்காரர்களுக்கு அது எங்கே போய் நிற்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் ஒரே பணிஸைப் பிய்த்துத் தின்ற பிள்ளைகள்.

“வாயை மூடுங்க ரெண்டு பேரும்!” என்று கத்தினேன். பரீதா கத்தவில்லை. சீட்டுகளை எல்லாம் பெட்டிக்குள் போட்டு மூடி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு, அதிபரைக் கூப்பிட ஆள் அனுப்பினார்.

அதிபர் சிவபாதம் யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிக்கு வந்து அரை ஆயுள் ஆகியும் பேச்சு மாறவில்லை. உடுப்பில் ஒரு மடிப்புக் கலையாது, பேச்சில் ஒரு சொல் கூடாது. அவர் தன் வாயால் ‘பிழை எனது’ என்று சொல்லி அந்தப் பாடசாலையில் ஒருவரும் கேட்டதில்லை.

வந்தார். குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தார். பரீதா நடந்ததைச் சொன்னார். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் முறைத்துக்கொண்டு நின்றதை அவர் பார்த்தார். கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

“டீச்சர், ஒருத்தரும் ரெண்டு தரம் போடேல்லை” என்றார். “அது என்ரை சீட்டு.”

படத்துக்காக

விஷயம் இதுதான். வலயத்துக்கு அனுப்பவேண்டிய படங்களில் ஒன்றுக்கு ‘அதிபரின் பங்கேற்பு’ என்று தலைப்பு. பெரிய தேர்தல்களில் பெரிய ஆட்கள் பெட்டிக்குள் சீட்டுப் போடுவது போலப் பத்திரிகையில் படம் வருமே, அதிபர் மனதில் அந்தப் படம். நானும் பரீதாவும் வெளியே சின்னவர்களின் வரிசையை நேராக்கிக்கொண்டிருந்த நேரம், தகவல் தொழினுட்பம் படிப்பிக்கும் இளம் ஆசிரியர் ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்து, “சேர், கொஞ்சம் சிரிங்க” என்று போனைத் தூக்கியிருக்கிறார்.

“வெறுந்தாளைப் போட்டிருக்கலாமே சேர்” என்றேன் நான்.

“என்ன கதை கதைக்கிறியள்? செய்யிறதெண்டா முறையாச் செய்ய வேணும். மறைப்புக்குள்ள போய், புள்ளடி போட்டு, மடிச்சுத்தான் போட்டனான்.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இந்தப் பாடசாலையில் உள்ள அத்தனை பேரிலும் இப்படி ஒரு கள்ள வாக்கை இவ்வளவு ஒழுங்காகப் போட அவரால்தான் முடியும்.

சத்தியமாகச் சொல்கிறேன், அவர் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். எண்ணியதில் பிழை என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? பிள்ளைகள் முன்னால், அதுவும் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் முன்னால், அந்த மனிதர் சொன்னார். எனக்கு அன்று அவர் மேல் வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

சொல்லாதீங்க சேர்

கதை அங்கேயே முடிந்திருக்கலாம். அதிபரின் பின்னால் வந்திருந்த இளம் ஆசிரியர் சுலபமான வழி ஒன்றைச் சொன்னார். “சேர், நீங்க யாருக்குப் போட்டீங்கன்னு சொல்லிட்டா, அதைக் கழிச்சுட்டு முடிவை அறிவிச்சுடலாமே.”

நியாயமாகத்தான் பட்டது. இர்பானுக்குப் போட்டிருந்தால் நிரோஷினியின் வெற்றி இன்னும் உறுதி. நிரோஷினிக்குப் போட்டிருந்தால் இருவரும் சமன். அதிபர் தொண்டையைச் செருமினார்.

“ஏலா சேர்” என்றார் பரீதா. “யாருக்குப் போட்டண்டு கேக்கவும் ஏலா, சொல்ல வைக்கவும் ஏலா. இந்தப் புள்ளைகளுக்கு அதை நான் படிச்சிக் குடுத்தீக்கி.”

“ஆனா என்ரை வாக்கே செல்லாத வாக்குத்தானே டீச்சர்?”

அப்போதுதான் கதவோரம் வேட்பாளர்களாக நின்ற இருவரில் நிரோஷினி முன்னால் வந்தாள்.

“சேர், சொல்லாதீங்க சேர்.”

“ஏன் பிள்ளை? நீர் வெல்லுறதுக்கும் இடமிருக்கெல்லே?”

“அதான் சேர் வேணாங்கிறேன். சேர் சொல்லி நா ஜெயிச்சேன்னா, சேர் வச்ச பிரதமரா ஆயிருவேன். அப்பறம் தண்ணி வேணும்னு நா யாருகிட்டப் போயி நிக்கிறது? சேர்கிட்டத்தானே? சேர் வச்ச ஆளு சேரை எப்படிக் கேள்வி கேக்குறது?”

அதிபரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பரீதா கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டார். வருடக்கணக்காக அவர் கரும்பலகையில் எழுதியதெல்லாம் அந்தப் பிள்ளையின் வாயில் இப்படி எளிமையாக வந்துவிட்டது.

இர்பானும் சும்மா இருக்கவில்லை. “எனக்கும் வாணாம் சேர். தேர்தலைத் திருப்பி வைங்க” என்றான்.

“மறுபடி வச்சா நீ தோத்துருவியேடி” என்று நிரோஷினியின் காதில் சொன்னேன். முதல் முறை அவள் வென்றதே பெரிய அதிசயம். மழைக்கு வராமல் நின்ற சின்னவர்கள் கூட்டம் முழுக்க இர்பான் பக்கம்.

“தெரியும் டீச்சர்” என்றாள். ஆனாலும் அவள் சொன்னதை மாற்றவில்லை.

எனக்கு இங்கே வாக்கு இல்லை

மறுநாள் காலைக்கூட்டத்தில் அதிபர் முழுப் பாடசாலைக்கும் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. “நேற்று ஒரு கள்ள வாக்கு விழுந்தது. அதைப் போட்டது நான். நீங்கள் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட வேண்டாம். என்னை மன்னித்துக்கொள்ளுங்கோ.” ஆறாம் தரத்துப் பிள்ளை ஒன்று கைதட்டியது. எதற்குத் தட்டியது என்று அதற்கே தெரியாது. பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

அன்று நான் அவரைத் தனியே பிடித்தேன். “சேர், இதுக்கிடையில அந்த மோட்டரையாவது திருத்திக் குடுங்களேன்” என்றேன்.

“இப்ப செய்தா நிரோஷினிக்கு வாக்குச் சேர்க்கச் செய்த மாதிரிப் போகும் டீச்சர். தேர்தல் முடியட்டும்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இரண்டு வருடம் தேர்தலா நடந்தது என்று கேட்டுவிட்டேன்.

மறுவாக்களிப்பு அன்று வலயத்திலிருந்து ஆசிரிய ஆலோசகர் ஒருவர் வந்திருந்தார். வரிசையைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார், பாராட்டினார். பிறகு போனை எடுத்தார். “வாங்க சேர், ஒரு சீட்டை எடுத்துப் போடுற மாதிரி நில்லுங்க. போன படம் எங்க வலயத்துப் பெரியவருக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது.”

வரிசையில் நின்ற பிள்ளைகள் அத்தனையும் அதிபரையே பார்த்தன. அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“மன்னிக்க வேணும். எனக்கு இஞ்ச வாக்கு இல்லை.”

“சும்மா படத்துக்குத்தானே சேர்?”

“போன முறையும் படத்துக்குத்தான்” என்றார் அதிபர். ஆலோசகருக்கு விளங்கவில்லை. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன.

முதல் கேள்வி

நிரோஷினி தோற்றாள். கொஞ்சமாக அல்ல, நன்றாகவே தோற்றாள். முடிவு வந்ததும் இர்பானுக்குக் கை கொடுத்துவிட்டு, நேரே போய் மலசலகூடத்துச் சுவரோரம் நின்று அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன். எனக்கும் அழுகை வந்தது, அழுதேன். சரியானதைச் செய்த பிள்ளை தோற்பதைப் பார்ப்பது சின்ன வேதனை இல்லை.

அடுத்த கிழமை மாணவர் பாராளுமன்றத்தின் முதல் அமர்வு. அதிபர் ஓரக் கதிரையில். சபாநாயகரானது ஒரு சின்னப் பெண், குரலே வெளியே வரவில்லை. பிரதமர் இர்பான் எழுந்து விளையாட்டுப் பாடவேளை பற்றிப் பேசப்போகிறான் என்று நாங்கள் உட்கார்ந்திருந்தோம். அவன் எழுதிவைத்த கடதாசியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

“முதல் கேள்வி பத்தாம் தரத்துப் பிரதிநிதிக்கு” என்றான். “அவங்க கேக்க வேண்டியது ஈக்கி.”

நிரோஷினி எழுந்தாள். “கௌரவ சபாநாயகர் அவர்களே” என்று முறையாகத் தொடங்கி, பாதியில் முறையெல்லாம் மறந்துபோய், “ரெண்டு வருசமா நாங்க பொம்பளப் புள்ளைக தண்ணி குடிக்காமப் படிக்கிறோம் சேர். எப்ப சேர் திருத்துவீங்க?” என்று கேட்டுவிட்டாள்.

அதிபர் எழுந்து நின்றார். ஒரு பிள்ளையின் கேள்விக்கு அவர் எழுந்து நின்று நான் பார்த்தது அன்றுதான்.

“வலயத்துக்கு எழுதியிருக்கிறம் எண்டு சொல்லிச் சொல்லியே நான் தப்பிச்சிட்டன்” என்றார். “பழைய மாணவரிட்டைப் போய்க் காசு கேக்க எனக்கு வெக்கம். அதுதான் உண்மை. இண்டைக்குப் பின்னேரமே கேக்கிறன்.”

கேட்டார். பிலிமத்தலாவையில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த பழைய மாணவர் ஒருவர், “இதை ஏன் சேர் முன்னமே சொல்லல்ல?” என்று திட்டிக்கொண்டே புது மோட்டர் கொண்டுவந்து பூட்டினார்.

யாருக்குப் போட்டீர்கள் என்று பிறகு ஒருநாள் அதிபரிடம் கேட்டுப் பார்த்தேன். “அது இரகசிய வாக்கு டீச்சர்” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார். வேலையிலிருந்து இளைப்பாறிப் போகும்வரை சொல்லவில்லை.

மோட்டர் பூட்டிய அடுத்த கிழமை, பத்தாம் தரத்தில் எனக்குப் பாடம். வாங்குகளின் கீழே பச்சையும் நீலமுமாகத் தண்ணீர்ப் போத்தல்கள். கரும்பலகையில் பாதிப் படம் வரைந்திருந்தேன், பின்னால் ஒரு குரல் கேட்டது.

“டீச்சர், டொய்லட் போகட்டா?”

திரும்பினேன். நிரோஷினி. பாடத்துக்கு நடுவில் யாராவது எழுந்தால் எனக்குப் பிடிக்காது, அது வகுப்புக்கே தெரியும். ஆனால் அந்தப் பாடசாலையில் ஒரு பெண்பிள்ளை என்னிடம் அப்படிக் கேட்டு இரண்டு வருடம்.

“போடி, போயிட்டு வா” என்றேன். இன்னும் மூன்று பேர் கையைத் தூக்கினார்கள்.